திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் பாதிப்பைக் குறைப்பது எப்படி: சிங்கப்பூரிலிருந்து பணிக்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. இங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஆயினும் இந்தோனீசிய நிலக்கரியை வாங்கி விற்கும் அலுவலகங்கள் பல இங்கேதான் இயங்குகின்றன. சுரங்க உரிமையாளர்களான நிறுவனங்கள் சில நமது பங்குச் சந்தையிலேயே பட்டியலிடப்பட்டுள்ளன. சாங்கியில் விமானம் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் இந்தோனீசியாவின் கிழக்குக் கலிமந்தானிலுள்ள பாலிக்பாப்பான் போய்விடலாம். அங்கிருந்து சமாரிண்டாவுக்குச் சென்று மகாகம் ஆற்றங்கரையில் நின்றால், கரி குவித்த தட்டைப் படகுகளை இழுவைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் செல்வதைப் பார்க்கலாம். இங்குள்ள கட்டுமானத் தளங்களில் மண்ணரிப்பையும் மழைநீரையும் கவனித்துப் பழகிய தமிழ்ப் பொறியாளர்கள் அந்தச் சுரங்கங்களுக்கு ஆலோசகர்களாகப் போவதுண்டு. நானும் அப்படிப் போனவன்தான். அவ்வாறு முதன்முறையாகப் போகிறவர்களுக்காகவும், இங்கேயே மேசையில் அமர்ந்து சுரங்க அறிக்கைகளைப் படித்து ஒப்புதல் தருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதிப்பே இல்லாத திறந்தவெளிச் சுரங்கம் என்று ஒன்று இல்லை. தோண்டி எடுத்த கரி எரியும்போது, தரத்தைப் பொறுத்து டன்னுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியேறும். அதைச் சுரங்க மேலாளர் எவராலும் தடுக்க முடியாது. ஆனால் காடு, ஆறு, கிணறு, அக்கம்பக்கத்து ஊர் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டைப் பொறுத்தவரை, ஒழுங்காக நடத்தப்படும் சுரங்கத்துக்கும் ஏனோதானோவென்று நடத்தப்படும் சுரங்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, எந்தப் பாறை எங்கே, எந்த வரிசையில் கொட்டப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. பார்வையாளர்கள் வந்தால் நிர்வாகம் மரக்கன்றுகளைக் காட்டும். நீங்கள், கரியை எடுப்பதற்காக அகற்றும் கழிவுப்பாறையைக் கொட்டும் திட்டத்தைக் கேளுங்கள்.

பாறையைச் சோதித்தல்

நிலக்கரிப் படிவத்தின் மேலும் கீழும் இடையிலும் உள்ள பாறைகளில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கக்கூடும். மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி வெளியே போட்டு, காற்றும் மழையும் பட்டதும், அது கந்தக அமிலத்தை உண்டாக்கத் தொடங்கும். அமிலம் பாறையிலுள்ள இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போகும். ஒருமுறை தொடங்கிவிட்டால், சுரங்கத்தை மூடிய பின்னும் பல பத்தாண்டுகள் இது தொடரக்கூடும்.

ஆகையால், கரியின் அளவை அறிய ஆய்வுத் துளை போடும்போதே, வழியில் வரும் ஒவ்வொரு பாறை அடுக்கிலும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். துளை முழுவதையும் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. செலவு மிச்சம்தான், ஆனால் கரியை ஒட்டிய ஒரு மீட்டர்க் கறுப்புக் களிப்பாறையில் உள்ள நஞ்சு அந்தக் கலவையில் காணாமல் போய்விடும்.

கணக்கு எளிது. பாறையிலுள்ள கந்தகத்தின் விழுக்காட்டை 30.6 என்னும் எண்ணால் பெருக்கினால், ஒரு டன் பாறை அதிகபட்சம் எத்தனை கிலோ கந்தக அமிலத்தை உண்டாக்கக்கூடும் என்பது தெரியும். 0.8 விழுக்காடு கந்தகம் என்றால் ஏறத்தாழ 24.5 கிலோ. அதே பாறையிலுள்ள சுண்ணாம்புச் சத்து 9 கிலோ அமிலத்தைத் தணிக்கும் என்று ஆய்வகம் சொன்னால், மிஞ்சுவது 15.5 கிலோ. சிறிய அளவாகத்தான் தோன்றும். அந்தப் பாறை 10 இலட்சம் டன் இருந்தால், 15,500 டன் அமிலம் அந்தக் கழிவுப்பாறைக் குன்றுக்குள் காத்திருக்கிறது என்று பொருள். இதனுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் செய்யும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; வினை முடிந்தபின் கரைசலின் பிஹெச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) 4.5க்குக் கீழே இறங்கினால், அந்த அடுக்கை அமிலம் தரும் பாறை என்று வரைபடத்தில் சிவப்பில் குறித்துவிடலாம். குறித்ததை எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் வரை கொண்டுசேர்ப்பதுதான் கடினமான வேலை. அறிக்கையில் இருக்கும் சிவப்பு, இரவுப் பணியில் லாரி ஓட்டுகிறவருக்குத் தெரியாவிட்டால் சோதனைக்குச் செலவழித்த பணம் வீண்.

கொட்டும் முறை

அமிலம் தரும் பாறையைக் காற்றிலிருந்து மறைப்பதே நோக்கம். மிக நம்பகமான மறைவிடம் நீர். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே சுரங்கம் மூடப்பட்டபின் நிலத்தடி நீர் எந்த மட்டம்வரை ஏறும் என்று கணித்து, அந்த மட்டத்துக்குக் கீழே, ஏற்கெனவே கரி எடுத்து முடித்த குழியின் அடியில் அந்தப் பாறையைப் போட்டு நிரப்புவது நல்லது. இதற்கு இடம் கிடைக்காதபோது, அமிலம் தராத பாறையை அடியிலும் பக்கங்களிலும் போட்டு, நடுவில் இதை வைத்து, மேலே களிமண்ணை இறுக்கி மூடுவார்கள்.

இங்கே பலர் தவறும் ஓர் இடம் உண்டு. உயரமான மேட்டின் விளிம்பில் லாரியை நிறுத்திப் பாறையைச் சரித்துவிட்டால், பெரிய கற்கள் உருண்டு அடிவாரத்தில் தங்கும். பொடி மேலேயே நிற்கும். அடியில் தங்கிய கற்களின் இடுக்குகள் புகைபோக்கிபோல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு களிமண் போட்டாலும் அந்தக் குன்று மூச்சுவிடும். இதற்கு மாற்றாக, சில மீட்டர் உயரமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஏற்றிய லாரிகளையே மேலே ஓடவிட்டு இறுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். லாரிகள் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும்; டீசல் செலவைக் காட்டி மேற்பார்வையாளர் முறையிடுவார். அமிலநீரைச் சுத்திகரிக்க ஆண்டுதோறும் ஆகப்போகும் சுண்ணாம்புச் செலவை அவர் முன் வைத்துப் பேசுங்கள்.

மேல்மண்

காட்டை அழித்தபின் கிடைக்கும் மேல்மண் ஒரு சாண் முதல் ஒரு முழம் வரைதான் இருக்கும். விதைகள், பூஞ்சைகள், மண்புழுக்கள் அனைத்தும் அதற்குள்தான். அதைத் தனியே வழித்தெடுத்து, முடிந்தால் சேமிக்காமல் அன்றன்றே மறுசீரமைப்புக்குத் தயாராக உள்ள வேறொரு சரிவில் பரப்பிவிட வேண்டும். சேமித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். குவியலின் நடுவே காற்றில்லாமல் உயிர்கள் செத்துப்போகும். குவியலின்மேல் உடனே மூடுபயிர் விதைக்க வேண்டும்.

மூடுபயிர் பற்றி நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மலாயா ரப்பர் தோட்டங்களில் மரவரிசைகளுக்கு நடுவே மண்ணை மூடிப் படரும் பயறுவகைக் கொடிகளை விதைத்தவர்களும் களையெடுத்தவர்களும் நம் முன்னோர்தாம். ஜொகூரில் தோட்டப்புறத்தில் வளர்ந்த என் தாத்தா, மழைக்காலத்துக்கு முன் கொடி தரையை மூடாவிட்டால் மேட்டு மண் முழுவதும் கால்வாய்க்குப் போய்விடும் என்று சொல்வார். சுரங்கத்திலும் விதைப்பது அதே வகைக் கொடிகளைத்தான். அவை தழைச்சத்தையும் மண்ணுக்குத் தருகின்றன. ஒரே எச்சரிக்கை: அவை மரக்கன்றுகளின்மேல் ஏறி நெரித்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தைத் துப்புரவாக வைக்க ஆள் அமர்த்துங்கள்.

தண்ணீர்

என் மேசைமேல் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றில் சிங்கப்பூர்க் கட்டுமானத் தளம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீர். மற்றொன்றில் சுரங்கக் குளம் ஒன்றிலிருந்து எடுத்துவந்த நீர். முதலாவது இலேசாக மங்கலாக இருக்கும். இரண்டாவதைக் குலுக்கினால் தே தாரிக் நிறம். இங்கே வடிகாலில் விடும் நீரில் மிதக்கும் வண்டல் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; இந்தோனீசிய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2003ஆம் ஆண்டின் அமைச்சக ஆணை வகுத்த வரம்பு 400 மில்லிகிராம். அதே ஆணைப்படி இரும்பு 7 மில்லிகிராம், மாங்கனீஸ் 4 மில்லிகிராம், பிஹெச் 6 முதல் 9 வரை. சட்ட வரம்புக்குள் இருக்கிறோம் என்ற நிறைவு இங்கிருந்து போகிறவருக்கு ஆபத்தானது. நம் தளங்களில் கண்காணிப்புக் கேமராவுக்கு முன் நின்று கற்றுக்கொண்ட கண்டிப்பை அங்கேயும் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் விதி, நல்ல தண்ணீரைக் கெடவிடாமல் இருப்பது. சுரங்கத்துக்கு மேலேயுள்ள காட்டில் பெய்த மழை, தோண்டிய நிலத்தைத் தொடாமலே சுற்றிப்போய் ஓடையில் சேரும்படி மறிப்புக் கால்வாய் வெட்ட வேண்டும். இதை மரம் வெட்டுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். பிறகு செய்யலாம் என்று ஒத்திவைத்த தளத்தில் முதல் பெருமழையே கணக்கைத் தீர்த்துவிடும். சுரங்கத்துக்குள் விழும் நீர் மட்டுமே படிவுக் குளத்துக்கு வர வேண்டும். இரண்டும் கலந்தால், எவ்வளவு பெரிய குளம் வெட்டினாலும் போதாது.

குளத்தின் ஆழத்தைவிடப் பரப்பளவுதான் வண்டல் இறங்குவதைத் தீர்மானிக்கிறது. ஆழம், இறங்கிய வண்டலைத் தாங்கி வைக்க மட்டுமே. நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும்; இடையே தடுப்புகள் வைத்து நீரை வளைந்து வளைந்து போகச் செய்ய வேண்டும். நேர்வழி கிடைத்தால் சேற்றுநீர் குளத்தின் நடுவே ஓர் ஆறுபோல ஓடி, படியாமலே வெளியேறும். கரையில் நின்று ஒரு கைப்பிடி உமியை நுழைவாயில் தூவிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் மறுமுனைக்கு வருகிறது என்பது உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மணல் நிமிடங்களில் படியும். நுண்களிமண் அப்படியில்லை. ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கே விட்டமுள்ள களித்துகள், அசையாத நீரில்கூட ஒரு முழு நாளில் அரை மீட்டர் இறங்காது. என் இரண்டாவது போத்தல் மூன்று நாள் ஆனபிறகும் மேலே பழுப்பாகவே இருந்தது. கிராமத்தில் கலங்கிய நீர்க்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பார்கள். சுரங்கத்தில் அதே வேலையைப் படிகாரமோ அலுமினிய உறைபொருள்களோ செய்கின்றன. அளவை ஊகித்துப் போடாதீர்கள். ஆறு கண்ணாடிக் குவளைகளில் குளத்து நீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு கலந்து, முதலில் வேகமாகவும் பின் மெதுவாகவும் கிளறி, அரைமணி நேரம் விட்டுப் பார்த்தால் சரியான அளவு கண்ணுக்கே தெரியும். மழைக்குப் பின் நீரின் தன்மை மாறும். அன்று மறுபடியும் குவளைகளை எடுக்க வேண்டும். படிகாரம் நீரின் பிஹெச் அளவைக் குறைக்கும் என்பதால், ஏற்கெனவே புளித்த நீரானால் முதலில் சுண்ணாம்பு, பிறகு படிகாரம்.

சுண்ணாம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தவுடன் இரும்பு காவி நிறத் துகள்களாகத் திரண்டு படியும். பார்க்க வெற்றிபோல இருக்கும். மாங்கனீஸ் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை; பிஹெச் 9ஐத் தாண்டினால்தான் நன்றாகப் படியும். அதன்பின் அந்த நீரை அப்படியே ஆற்றில் விட்டால் அந்தக் காரம் மீன்களைக் கொல்லும். எனவே படிந்து முடிந்தபின் பிஹெச் அளவு மீண்டும் 9க்குள் இறங்கும்வரை நிறுத்திவைக்க இன்னொரு குளம் தேவைப்படும். வாய்க்காலில் சுண்ணாம்புக் கற்களைப் பரப்பிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். இரும்பு மிகுந்த நீரில் சிறிது காலத்திலேயே கற்களின்மேல் துருப்படலம் படிந்து, கல் உள்ளே இருந்தும் வேலை செய்யாமல் போகும். கையில் ஒரு கல்லை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

நிலத்தடி நீருக்கு நெய்வேலியை நினைத்துக்கொள்ளலாம். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரடுக்கு, சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வராமலிருக்க, இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு இறைக்கும் எந்தச் சுரங்கத்திலும், சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை முதல் வாளி மண் எடுப்பதற்கு முன்பே அளந்து, ஊர்க்காரர்கள் முன்னிலையில் பதிவு செய்யுங்கள். பிற்பாடு யார் கிணறு எதனால் வற்றியது என்ற வழக்கு வரும்போது, அந்த முதல் அளவு இல்லாமல் எவராலும் நியாயம் பேச முடியாது.

தூசி, வெடி, தீ

தூசியில் பெரும்பங்கு லாரிப் பாதைகளிலிருந்து கிளம்புகிறது. வேகத்தைக் குறைத்து, நீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி தெளித்தால் போதும்; ஒரே தடவையில் கொட்டினால் பாதை வழுக்கும். வெடிவைக்கும் நேரத்தை ஊருக்கு முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு துளைக்கும் இடையே நொடியின் சிறு பின்னங்கள் தாமதம் கொடுத்தால் அதிர்வு குறையும். வெடித்தபின் செம்மஞ்சள் புகை எழுந்தால், நீர் தேங்கிய துளையில் நீர் தாங்காத வெடிமருந்தைப் போட்டிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். அது நைட்ரஜன் டைஆக்சைடு, நுரையீரலுக்குக் கேடு. கரிக் குவியல்களை இறுக்கி, பழையதை முதலில் அனுப்பிவிடுங்கள். ஜார்க்கண்டின் ஜாரியா வயல்களில் 1916இல் கண்டறியப்பட்ட நிலக்கரித் தீ நூறாண்டு கடந்தும் அணையவில்லை.

மரம் நடுதல்

ஒரு சுரங்கத்தில், புல்டோசரால் சிமெண்ட் தரைபோல் மழமழவென்று சீர்ப்படுத்தப்பட்ட சரிவைப் பெருமையோடு காட்டினார்கள். நட்டு இரண்டு ஆண்டு ஆன கன்றுகள் இடுப்பளவுகூட உயரவில்லை. ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம்: ஆணிவேர் ஒரு சாண் இறங்கி, கல்லில் முட்டியதுபோல் பக்கவாட்டில் மடங்கி, தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது. மண்ணில் சத்துக்குறை எதுவும் இல்லை, இறுக்கம்தான் கொன்றது. காற்றுப் புகாமல் கழிவுப்பாறையை இறுக்கச் சொன்ன அதே ஆள், மேலே வேருக்கான அடுக்கை இறுக்காதே என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். இரண்டும் வேறு அடுக்குகள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் சுரங்கப் பகுதிகளில் காடு வளர்க்கும் முறை, குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்கு வேர் இறங்கத்தக்க மண்ணோ சிதைந்த பாறையோ தளர்வாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. கரடுமுரடாக விட்ட சரிவு கண்ணுக்கு அழகாக இராது; மழைநீர் அதில் தங்கும், விதை ஒதுங்கும், மரம் வளரும்.

விரைந்து வளரும் அக்கேசியாவை மட்டும் நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது நிழலுக்கு நல்லது. அந்த நிழலில் உள்ளூர்க் காட்டு மரங்களை நட்டு, பிறகு அக்கேசியாவைப் படிப்படியாகக் களைந்தால்தான் அது காடாகும்.

கடைசிக் குழி

எடுத்த கரியின் அளவுக்குப் பள்ளம் மிஞ்சும். அதில் நீர் நிறையும். கிழக்குக் கலிமந்தானில் கைவிடப்பட்ட இத்தகைய குழிகளில் 2011 முதல் முப்பதுக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்துள்ளனர், பெரும்பாலானோர் சிறுவர்கள். நீலப் பச்சை நிறத்தில் அமைதியாகத் தெரியும் அந்த நீரில் விளிம்பிலிருந்து ஓர் அடி வைத்தால் செங்குத்துச் சுவர். எச்சரிக்கைப் பலகை வைப்பதால் பயனில்லை. முடிந்தவரை குழியை நிரப்புங்கள். முடியாத இடத்தில், குழந்தை நடந்து வெளியேறும்படி விளிம்பைச் சாய்வாக வெட்டிவிட்டு, அதன்பின் வேலி போடுங்கள்.

ஏரியாக மாற்றப்போவதாகச் சொன்னால், கரையில் உள்ளது இறுக்காத கழிவுமண்ணா என்று கேளுங்கள். ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் ஊரில், பழைய சுரங்கம் ஏரியாகிக்கொண்டிருந்தபோது, 2009 ஜூலையில் கரை சரிந்து வீடுகளோடு மூவர் மாண்டனர். அந்நாட்டின் லவுசிட்ஸ் பகுதியில் சுரங்கங்கள் மூடிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஷ்ப்ரே ஆறு இரும்பால் பழுப்பு நிறத்தில் ஓடுகிறது.

மேசையில் இருப்பவர் கேட்க வேண்டியவை

சுரங்கத்துக்குப் போக வாய்ப்பில்லாமல் இங்கிருந்தே கடனுக்கோ கொள்முதலுக்கோ ஒப்புதல் தருகிறவர், முதலில் பிணைத்தொகையைப் பற்றி, அதாவது நிலத்தைச் சீரமைப்பதற்கு உறுதியாக நிறுவனம் முன்கூட்டியே கட்டிவைக்கும் பணத்தைப் பற்றிக் கேட்கட்டும். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழியை நிரப்பி நிலத்தைச் சீர்ப்படுத்தினால் பிணைத்தொகையில் 60 விழுக்காடுவரை விடுவிக்கலாம்; மீதியை முழுமையாகத் திரும்பப் பெற, நட்ட பயிர் நிலைத்து நின்று ஐந்து ஆண்டுகளும், மழை குறைந்த பகுதியானால் பத்து ஆண்டுகளும் கடக்க வேண்டும். இந்தோனீசியாவில் 2010ஆம் ஆண்டின் அரசாங்க விதிமுறை, மறுசீரமைப்புக்கு ஒன்றும் சுரங்கம் மூடிய பின்னுள்ள காலத்துக்கு ஒன்றுமாக இரண்டு உத்தரவாதங்களைக் கோருகிறது. இரண்டும் செலுத்தப்பட்டதற்கான சான்றைக் கேளுங்கள். அடுத்து, இந்த ஆண்டு தோண்டிய பரப்பு எவ்வளவு, சீரமைத்த பரப்பு எவ்வளவு என்ற இரண்டு எண்களை ஐந்து ஆண்டுகளுக்குக் கேளுங்கள். இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போனால், மூடும் நாளில் அதை ஈடுகட்டப் பணம் இருக்காது.

கடைசியாக, மழைக்காலத்து மாதங்களுக்கான நீர் வெளியேற்றப் பதிவேட்டையும், அதே மாதங்களின் மழைமானிக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் வண்டல் அளவு ஏறியிருக்க வேண்டும். சுண்ணாம்புப் பயன்பாடும் கூடியிருக்க வேண்டும். முப்பது நாளும் பிஹெச் 7.2 என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால், அது ஒரே மாலையில் எழுதப்பட்டது. மழைமானி 80 மில்லிமீட்டர் காட்டிய நாளிலும் வண்டல் அளவு முந்தைய நாளின் அளவாகவே இருந்தால், பதிவேட்டை மூடிவிட்டு, குளத்தை நேரில் பார்க்கப் பயணச்சீட்டு எடுங்கள்.